வீட்டிலேயே கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுவது: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஃபிலிம் கழுவ ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. தாத்தாவின் கேமராவைத் துடைத்து எடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். கையேடுகள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்கு மருந்தைச் சூடாக்குவது பாடு, நமக்கு ஆற்றுவது பாடு.

ஒரு வார்த்தை விளக்கம். ஸ்டுடியோக்காரர்கள் டெவலப் செய்வதைக் 'கழுவுவது' என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். கடைசியில் தண்ணீரில் சுத்தம் செய்வதை 'அலசுவது' என்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டார்க் ரூமுக்கு என்று தனி அறை வேண்டுமா?

ஃபிலிம் கழுவ மட்டும் என்றால் வேண்டாம். ரோலை உருவி, ரீலில் (ஃபிலிமைச் சுருளாகப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் சக்கரம்) சுற்றி, டேங்குக்குள் (மருந்து ஊற்றும் மூடிபோட்ட டப்பா) போட்டு மூடும் வரைக்கும்தான் இருட்டு தேவை. பழகிய கைக்கு மூன்று நிமிஷ வேலை. மூடிவிட்டால் டேங்குக்குள் ஒளி புகாது, ஆனால் மேலிருக்கும் புனல் வழியாக மருந்தை ஊற்றலாம், வடிக்கலாம். மீதி வேலையைத் திண்ணையில் உட்கார்ந்து பட்டப்பகலில் செய்யலாம்.

அந்த மூன்று நிமிஷத்துக்கு ஜன்னல் குறைந்த குளியலறை போதும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என்றால் இன்னும் வசதி. இருட்டுக்கடைக்குப் பேர்போன ஊரில் இருட்டுக்கா பஞ்சம்? அதுவும் முடியாதவர்கள் சேஞ்சிங் பேக் வாங்கலாம். இரண்டு கைகளை நுழைத்து வேலை செய்கிற கறுப்புப் பை அது. ஆனால் சித்திரை, வைகாசியில் அதற்குள் கை வேர்த்து ஊற்றும். நான் குளியலறைக் கட்சி.

சினிமாவில் எல்லாம் சிவப்பு விளக்கு எரிகிறதே?

அது பிரிண்ட் போடும்போது. பிரிண்ட் பேப்பருக்குச் சிவப்பு தெரியாது. நாம் இன்று வாங்குகிற கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் அநேகமாக எல்லா நிறத்தையும் பார்ப்பவை, சிவப்பையும் சேர்த்து. சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு ரோலைப் பிரித்தால் மொத்தமும் கறுத்துவிடும். ஃபிலிமுக்குக் கும்மிருட்டு வேண்டும்.

அறை போதுமான அளவு இருட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். முதல் நிமிஷம் எல்லாம் இருட்டாகத்தான் தெரியும். கண் பழகிய பிறகுதான் கதவிடுக்கும், வென்டிலேட்டர் கண்ணாடியும், கீஸரின் சின்ன விளக்கும் பல்லை இளிக்கும். ஐந்து நிமிஷம் கழித்தும் முகத்துக்கு முன்னால் நீட்டிய கை தெரியவில்லை என்றால் சரி. வென்டிலேட்டருக்கு அட்டையும் கறுப்புத் துணியும், கதவின் அடிக்குச் சுருட்டிய துண்டு. கோரைப்பாயைத் தொங்கவிட்டுப் பார்த்த ஒரு தம்பி உண்டு. பாய் எவ்வளவு நெருக்கமாக நெய்ததானாலும் ஊசிக்கண் ஊசிக்கண்ணாக வெளிச்சம் வரும். இரண்டு தடிமனான போர்வை மேல். செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். உள்ளே இருக்கும்போது யாராவது கூப்பிட்டு வெளிச்சம் வந்தால் ரோல் போச்சு.

என்னென்ன வாங்க வேண்டும்?

ரீலோடு ஒரு பிளாஸ்டிக் டேங்க். இரண்டு ரீல் கொள்கிற அளவில் வாங்குங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். தெர்மாமீட்டர் ஒன்று, 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று, அளவு ஜாடி இரண்டு, ஒளி புகாத நிறத்தில் மூன்று பாட்டில், கத்தரிக்கோல், டப்பா மூடியை நெம்ப ஒரு பாட்டில் ஓப்பனர், கையுறை, துணி கிளிப். நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம் போதும்.

காசைச் சேமிக்கக் கூடாத இடம் தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் உதவாது. பள்ளி ஆய்வகத்துக்குச் சாமான் விற்கும் கடையில் 0 முதல் 100 டிகிரி வரை காட்டுவது கிடைக்கும்.

ஃபிலிம் ரீலில் ஏறவே மாட்டேங்குது அண்ணாச்சி. பாதியில் சிக்கிக்கொள்கிறது.

முக்கால்வாசிப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். காரணம் அநேகமாக ஈரம். பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் ஒட்டிக்கொள்ளும். கழுவி அரை மணி ஆன ரீலைத் திரும்ப எடுக்காதீர்கள், ஒரு நாள் வெயிலில் காயட்டும். தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் வெயிலை நம்ப முடியாது, ஹேர் டிரையர் எடுங்கள்.

அடுத்தது வேர்வை. விடியற்காலை ஐந்து மணிக்குச் சுற்றுங்கள், கையைக் கழுவித் துடைத்துவிட்டு. சுற்றும் முன் ஃபிலிமின் நாக்கை நேராக வெட்டி, இரண்டு மூலையையும் லேசாக வளைத்து வெட்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். சிக்கினால் பிடித்து இழுக்காதீர்கள், மடிந்த இடத்தில் பிறைபோல் தழும்பு விழும். ஃபிலிமை அப்படியே டேங்குக்குள் போட்டு மூடிவிட்டு வெளியே வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, கை காய்ந்ததும் திரும்பப் போங்கள்.

காலாவதியான கலர் ரோல் ஒன்றைப் பலி கொடுத்து, முதலில் வெளிச்சத்தில் பத்துத் தடவை, அப்புறம் கண்ணை மூடிப் பத்துத் தடவை பழகுங்கள். நான் பழகாமல் இறங்கினேன். முதல் ரோலில் 36-ல் 11 தேறியது.

எந்த ரோல், எந்த மருந்து?

ஆரம்பத்துக்கு 400 வேகத்தில் ஏதாவது ஒன்று. வேகம் என்றால் ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் திறன். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், கென்ட்மியர் 400, ஃபோமாபான் 400, எது கையில் கிடைக்கிறதோ அது. ஆனால் ஒன்றைப் பிடித்தால் பத்து ரோலுக்கு அதிலேயே இருங்கள். ரோலையும் மருந்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால், தப்பு எங்கிருந்து வருகிறது என்று கடைசிவரை தெரியாது.

மருந்துக்கு, அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பருக்கு, டி-76. கோடக் நிறுவனம் 1927-ல் கொண்டுவந்தது. அதன் செய்முறை ஊருக்கே தெரிந்தது, மன்னிக்கும் குணமும் உண்டு.

டி-76-ஐ வீட்டிலேயே கலக்கலாமா?

கலக்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். 50 டிகிரியில் 750 மில்லி தண்ணீர் எடுத்து, முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், பிறகு மெட்டால், அது முழுக்கக் கரைந்த பின் மீதிச் சல்ஃபைட், அப்புறம் மற்றவை, கடைசியில் தண்ணீர் விட்டு ஒரு லிட்டர் ஆக்குங்கள். சல்ஃபைட்டை மொத்தமாக முதலில் கொட்டினால் மெட்டால் கரைய மறுக்கும்.

போராக்ஸ் வேறொன்றுமில்லை, நம் நாட்டு மருந்துக் கடை வெண்காரம்தான். ஆனால் அங்கே விற்பது பொரித்ததா, பச்சையா, எவ்வளவு சுத்தம் என்பது கடைக்குக் கடை மாறும். ரசாயனக் கடையில் வாங்குங்கள், இரண்டு கிராமில் என்ன மிச்சம் பிடிக்கப்போகிறோம்? மெட்டால் சிலருக்குத் தோல் அரிப்பைக் கொண்டுவரும், ஆகவே கையுறையும் முகத்துணியும் கட்டாயம். சமையலறைப் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். எடுத்தால் திரும்பக் கொடுக்காதீர்கள்.

நிறைந்த பாட்டிலில் காற்றுப் படாமல் ஆறு மாதமும், பாதி காலியான பாட்டிலில் இரண்டு மாதமும் நிற்கும் என்பது கணக்கு. அது குளிர்நாட்டுக் கணக்கு. மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் வைத்தால் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெவலப்பருக்குப் பிறகு, ஃபிலிமில் மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்துப் படத்தை நிலைக்கவைக்கும் மருந்து ஹைப்போ. அதற்கு: ஹைப்போ படிகம் (சோடியம் தயோசல்ஃபேட்) 240 கிராம், சோடியம் சல்ஃபைட் 10 கிராம், சோடியம் பைசல்ஃபைட் 25 கிராம், தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர். படிகம் கரையும்போது தண்ணீர் சில்லென்று ஆகிவிடும், பயப்பட வேண்டாம். நம் ஊருக்கு அது வரம்.

நம் ஊர் வெயிலில் 20 டிகிரிக்கு எங்கே போவது?

இதுதான் உண்மையான கேள்வி. இருட்டுக்குப் பயந்து வருகிறார்கள், தோற்பது சூட்டிடம்.

சூடு கூடினால் மருந்து வேகமாக வேலை செய்யும். இல்ஃபோர்ட் சொல்கிற கணக்குப்படி, 20 டிகிரியில் நாலு நிமிஷ வேலை 23 டிகிரியில் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். அதாவது டிகிரிக்குச் சுமார் பத்துச் சதவீதம் குறைகிறது. எச்பி5 பிளஸுக்கு நீர்க்காத டி-76 கரைசலில் 20 டிகிரியில் ஏழரை நிமிஷம். 28 டிகிரியில் அதுவே மூன்றரை நிமிஷமாகச் சுருங்கிவிடும். ஐந்து நிமிஷத்துக்குக் கீழே போனால் ஊற்றி வடிக்கிற நேரத்திலேயே மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் வந்து, வானம் திட்டுத்திட்டாக விழும்.

அதனால் நமக்கு ஏற்றது ஒரு பங்கு மருந்துக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து நீர்த்த கரைசல். அதில் எச்பி5 பிளஸுக்கு 20 டிகிரியில் 11 நிமிஷம். 24-ல் சுமார் ஏழரை, 26-ல் ஆறேகால், 28-ல் ஐந்துக்குச் சற்று மேல். பனிக்கட்டி இல்லாமலே 28 வரை சமாளிக்கலாம். நான் 24-ஐக் குறியாக வைத்துக்கொள்கிறேன். மார்கழி, தை மாத விடிகாலையில் 24 தானாகவே கிடைப்பதுண்டு.

நீர்ப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பாட்டிலில் இருக்கும் மருந்து 31 டிகிரி என்றால், அதே அளவு 17 டிகிரித் தண்ணீரைச் சேர்த்தால் கலவை 24-க்கு வந்து நிற்கும். ஃபிரிட்ஜ் தண்ணீரையும் பானைத் தண்ணீரையும் கலந்து 17 வைத்துக்கொள்வது கஷ்டமில்லை. 300 மில்லி மருந்து, 300 மில்லி தண்ணீர், இரண்டு ரீல் டேங்க் நிறைந்துவிடும். ரோல் ஒன்றுதான் என்றால் அதைக் கீழ் ரீலில் போட்டு, மேலே காலி ரீலை வையுங்கள். ஒற்றை ரீல் டேங்கில் 300 மில்லிதான் கொள்ளும். அதில் மருந்துப் பங்கு ஒரு 36 படச் சுருளுக்குக் கொஞ்சம் இழுபறி. பெரிய டேங்க் வாங்கச் சொன்னது இதற்குத்தான். ஒரு தடவை நீர்த்ததை அந்த ரோலோடு கொட்டிவிட வேண்டும்.

பானை என்றேன். காருகுறிச்சிப் பக்கம் செய்கிற மண்பானை ஒன்று ராத்திரி முழுக்கக் காற்றோட்டத்தில் இருந்தால், கோடையின் வறண்ட காற்றில் தண்ணீர் நாலைந்து டிகிரி இறங்கும். சாரல் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் பானை அவ்வளவு ஆற்றாது. ஆனால் அப்போது தண்ணீரே அவ்வளவு சூடு இருக்காது.

டெவலப்பரை மட்டும் குளிரவைத்து, ஹைப்போவையும் அலசும் தண்ணீரையும் மறந்துவிடுவதுதான் அடுத்த தப்பு. 24 டிகிரியில் இருந்த ஃபிலிமை, மத்தியானம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு நேராகக் காட்டினால் மேலே படத்தைத் தாங்கும் ஜெலட்டின் படலம் உப்பிச் சுருக்கம் விழுந்து, படம் முழுக்க வறண்ட குளத்துக் களிமண்போல் வெடிப்புக் காணும். ஆகவே அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, எல்லாப் பாட்டிலையும், அலசும் தண்ணீர்ப் பாட்டில்களையும் அதில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். சூடு ஏறினால் உறையவைத்த தண்ணீர்ப் பாட்டில் ஒன்றைத் தொட்டியில் போடுங்கள். எல்லாம் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்திருந்தால் போதும். அந்தக் காலத்தில் வெப்பநாட்டு ஸ்டுடியோக்கள் ஹைப்போவில் படிகாரம் சேர்த்து ஜெலட்டினைக் கெட்டியாக்கினார்கள். இன்றைய ஃபிலிம்கள் முன்பே ஓரளவு கெட்டியாக்கப்பட்டு வருவதால் நமக்கு அது தேவைப்படவில்லை.

கத்திரி வெயில் நாட்களில் நான் கழுவுவதில்லை. எடுத்த ரோல்களை டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். ஆனி பிறந்ததும் எடுத்தால் ஒன்றும் குறையாது.

கழுவும் வரிசை?

டெவலப்பரை ஊற்றி, டேங்கைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், காற்றுக் குமிழி விலகும். முதல் அரை நிமிஷம் தொடர்ந்தும், பிறகு நிமிஷத்துக்குப் பத்து நொடியும் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பால்குடம் ஆட்டுகிற வேகம் வேண்டாம். நேரம் முடிவதற்குப் பத்து நொடி முன்பே வடிக்கத் தொடங்குங்கள். அப்புறம் தண்ணீரில் ஒரு நிமிஷம். சமையல் வினிகர் இருந்தால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்து அதையும் ஊற்றலாம். பிறகு ஹைப்போ.

ஹைப்போவில் எத்தனை நிமிஷம் என்பதை ஃபிலிமிடமே கேளுங்கள். வெட்டிப்போட்ட நாக்குத் துண்டை ஹைப்போவில் போட்டுப் பாருங்கள். பால் நிறம் போய்க் கண்ணாடிபோல் ஆக எவ்வளவு நேரமோ, அதன் இரண்டு மடங்கு. புது ஹைப்போவில் ஆனதைவிட இரண்டு மடங்கு நேரம் இழுக்கத் தொடங்கினால், அந்த ஹைப்போவுக்கு வயதாகிவிட்டது.

அலசக் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் ஓடவிட வேண்டுமாமே? தண்ணீருக்கு எங்கே போவது?

ஓடவிட வேண்டாம். இல்ஃபோர்ட் சொன்ன வழி ஒன்று உண்டு. டேங்கை நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்து வடி, மறுபடி நிரப்பிப் பத்துத் தடவை, மறுபடி இருபது தடவை. மொத்தம் இரண்டு லிட்டருக்குள் முடிந்துவிடும். படிகாரம் சேர்க்காத ஹைப்போவுக்கே இது பொருந்தும். நான் மன நிம்மதிக்கு நாலாவது தடவையும் அலசுவேன்.

ஆற்றுத் தண்ணீர் ஆகுமா, போர் தண்ணீர் ஆகுமா?

தாமிரபரணித் தண்ணீர் வரும் வீடுகளில் பிரச்சினை இல்லை. மழை வெள்ளத்தில் கலங்கி வருகிற நாட்களில் மட்டும் தெளியவைத்து, துணியில் வடிகட்டுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பக்கத்துக்காரர்கள் மருந்து கலக்க ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரானாலும் கடைசி முக்கு டிஸ்டில்டு வாட்டரில். பேட்டரிக் கடையில் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள், பக்கத்திலேயே ஆசிட் கேனும் நிற்கும். அந்த டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் துளியாக நிற்காமல் வழியச் செய்யும் திரவம்) விட்டால் நீர்த்துளித் தழும்பு விழாது.

எங்கே காயப்போடுவது?

குளித்து முடித்த ஈரக் குளியலறையில். ஈரம் தூசியை அமுக்கிவிடும். மேலே ஒரு கிளிப், கீழே கனத்துக்கு ஒரு கிளிப், விரலால் வழித்துவிடக் கூடாது, மின்விசிறி கூடாது. இரண்டு மூன்று மணி நேரம்.

ஐப்பசி மழைக்கு மறுநாள் சாயங்காலம் மட்டும் கழுவாதீர்கள். ஒரு தடவை விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டேன். வந்து பார்த்தால் ஃபிலிம் முழுக்க ஈசல் இறகு. அலசி எடுத்தும் நாலு படத்தில் இறகின் தடம் நிரந்தரமாகிவிட்டது.

ரோல் முழுக்க வெறுமையாக வந்திருக்கிறது. என்ன தப்பு?

ஓரத்தைப் பாருங்கள். ரோலின் பெயரும் படத்தின் எண்ணும் ஓரத்தில் தெரிந்தால், மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது, கேமராவுக்குள் ஃபிலிம் நகரவே இல்லை. ஓர எழுத்தும் இல்லை என்றால் டெவலப்பர் செத்துப்போயிருக்கிறது, அல்லது ஹைப்போவை முதலில் ஊற்றிவிட்டீர்கள். இரண்டாவதை நானே செய்திருக்கிறேன், அதுவும் அத்தை மகன் நிச்சயதார்த்த ரோலில். அன்றிலிருந்து ஹைப்போ பாட்டிலின் கழுத்தில் சணல் கட்டியிருக்கிறேன், பார்க்காமலே கைக்குத் தெரியும்.

முழுக்கக் கறுப்பு என்றால் வெளிச்சம் பட்டிருக்கிறது. பால்போல் மங்கலாக இருந்தால் ஹைப்போ போதவில்லை, திரும்ப ஊற்றுங்கள், பிழைத்துக்கொள்ளும். லேசான ஊதாச் சாயம் பெரிய விஷயமில்லை.

காப்பித்தூளில் கழுவலாம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். 1995-ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸும் அவருடைய மாணவர்களும் செய்து காட்டியது. இப்போது பலரும் பயன்படுத்தும் அளவு: லிட்டருக்கு நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், இன்ஸ்டன்ட் காப்பி 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிஷம். சிக்கரிக் கலப்பு பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும், அதனால் கலப்பில்லாத தூள் வாங்குங்கள். வாடை தாங்காது. எங்கள் வீட்டில் ஒரே தடவைதான் அனுமதி கிடைத்தது. ஹைப்போ இதற்கும் வேண்டும், காப்பி அதற்கு மாற்று ஆகாது.

பழைய ஹைப்போவை எங்கே ஊற்றுவது?

கிணற்றடியிலும் வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி அதில் இருக்கிறது, அது மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. கேனில் சேர்த்து, துருப்பிடிக்கும் ரகத்து இரும்பு நாரைப் போட்டுச் சில நாள் வைத்தால், இரும்பு கரைந்து வெள்ளி சேறாகக் கீழே படியும். அந்தச் சேற்றைச் சேர்த்து வையுங்கள். பணக்காரர் ஆகும் எண்ணம் வேண்டாம்.

பிரிண்ட்?

முதலில் இருபது ரோல் கழுவுங்கள். அதுவரை நெகட்டிவை வெள்ளைத் திரைக்கு முன் வைத்து, டிஜிட்டல் கேமராவில் படம் பிடித்துத் தலைகீழாக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால், மூடிய ஸ்டுடியோக்களின் பரணில் என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) தூங்குகிறதா என்று விசாரியுங்கள். அப்போதுதான் நிஜமாகவே தனி அறை வேண்டும், சிவப்பு விளக்கும்.

நெகட்டிவில் பூஞ்சை பிடிக்கிறது.

பீரோவில் துணியோடு வைக்காதீர்கள். ஜெலட்டின் என்றால் பூஞ்சைக்கும் கரப்பானுக்கும் விருந்து. காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அடை மழைக்கு முன்னும் பின்னும் சிலிக்காவை வறுத்து எடுங்கள்.

வீட்டுப் பெட்டியில் கழுவாத பழைய 'இந்து' ரோல் கிடைத்தது. ஏதாவது வருமா?

ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் தயாரிப்பு அது. ஒரு காலத்தில் நம் பக்கத்துக் கேமராக்களில் பாதி இதைத்தான் தின்றன. நிறுவனம் இப்போது இல்லை. ரோல் எவ்வளவு சூட்டில் கிடந்தது என்பதைப் பொறுத்தது எல்லாம். இருட்டில் வெளி நுனியில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்துப் பாருங்கள். நீர்க்காத டி-76-ல், ஐஸ் போட்டாவது 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒரு சிட்டிகை பொட்டாசியம் புரோமைடு சேர்த்துக் கழுவுங்கள். பழைய ஃபிலிமில் படரும் சாம்பல் மூட்டத்தைப் புரோமைடு கொஞ்சம் அடக்கும். பழைய ஃபிலிமின் ஜெலட்டின் மிருதுவானது, நகம் படக் கூடாது.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த ரோலை அப்படிக் கழுவினேன். பன்னிரண்டில் மூன்று தேறின. மூன்றிலும் ஒரே மாட்டுவண்டி. வண்டியில் உட்கார்ந்திருப்பது பெரியப்பாவா, சின்னத் தாத்தாவா என்று அந்த வீட்டில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.